இரண்டாவது டிஸ்க்

கொண்டாவிலிலிருந்து ஆட்டோவில்
சாரத்தால் சுற்றி மடியில் வைத்து
பத்மசீலன் தன் கொம்பியூட்டரைக் கொண்டுவந்தார்.
படி ஏறும்போதே சொன்னார்:
"தங்கச்சி, விண்டோஸ் எழும்புது.
மற்ற டிஸ்கைத்தான் காணேல்லை.
ராத்திரி இருந்தது. விடியப் பார்த்தால் இல்லை."

உள்ளே என்ன கிடக்கு என்று கேட்டேன்.
பதினொரு கலியாணவீடு, இரண்டு சாமத்தியவீடு,
ஒரு செத்தவீடு.
செத்தவீட்டுக்குத்தான் அவசரம்:
நாளைக்கு அந்தியேட்டி.
வரக் கிடைக்காத மகன் சுவிஸிலிருந்து
மணிக்கொரு தரம் எடுக்கிறாராம்.
சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது.
கவிழ்த்து வைத்தார்.

பயாஸில் ஒரு பெயர்தான் நின்றது.
கேபிளை மாற்றினேன். இல்லை.
வேறு துளையில் கொழுவினேன். இல்லை.
திருப்புளி நுனியை டிஸ்கில் ஊன்றி
பிடியைக் காதில் வைத்தேன்,
கீழ்க்கடை நகைக்காரர் தட்டுவதை நிறுத்தும்வரை பொறுத்து.
டிக் டிக் என்று இடித்திருந்தால் பயந்திருப்பேன்.
ஒன்றுமே கேட்கவில்லை.
அது இன்னும் சுற்றவே தொடங்கவில்லை.

கரண்ட் வயரைக் கழற்றினேன்.
அதன் வாய்க்குள்ளிருந்து ஓர் எறும்பு வந்தது.
பிறகு ஊரே வந்தது,
வெள்ளை முட்டைகளைத் தூக்கிக்கொண்டு,
என் மணிக்கட்டை ஒரு வீதியாக நினைத்து.
"எந்தக் கலியாணவீட்டுப் பலகாரம் அண்ணை?"
"பயித்தம் பணியாரம்" என்றார் மெல்ல,
"எடிட் பண்ணேக்கை பசிக்கும்."

பிரஷால் தட்டி, ஸ்பிரிட்டால் துடைத்து,
விசிறிக்குக் கீழே காயவிட்டு
புது வயரில் கொழுவினேன்.
உள்ளங்கையில் சின்ன நடுக்கம், டிஸ்கினுடையது.
பயாஸில் இரண்டாவது பெயர் வந்தது.
பத்மசீலன் கும்பிட்டார், எனக்கல்ல,
சுவரில் தொங்கிய கலண்டர் பிள்ளையாருக்கு.

விண்டோஸுக்குப் போனால்
அங்கே இன்னும் இல்லை.
கட்டுப்பாட்டு மூலைக்குள் போய்த் தேடினேன்.
கிடந்தது, முழு நீளமாய், நீலக் கோட்டோடு,
எழுத்து மட்டும் இல்லாமல்.
ஆள் இருந்தும் அட்டை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று
கச்சேரி வரிசையில் நிற்கிறவர்களைக் கேட்டால்
என்னைவிட வடிவாகச் சொல்வார்கள்.
எழுத்து கொடுக்கிற வரிக்கு நேர் கீழே
ஃபோர்மட் என்ற வரி.
ஒரு வியர்வை வழுக்கல் தூரம்.
அவரைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொன்னேன்.

எஃப் என்று கொடுத்தேன்.
கதவு திறந்தது.

ஓடிப் பார்த்தால்தான் நான் நம்புவேன்.
செத்தவீட்டைத் திறந்தார்:
வெள்ளை வேட்டி, குத்துவிளக்கு, நெஞ்சில் சேர்த்த கைகள்.
வலது சுட்டுவிரல் ஒரு கணு குறைவு.
"மரக்காலையில் வேலை செய்தவர், வாள் கொண்டு போனது" என்றார்.
இன்னொன்றையும் பார்ப்பம் என்று
பங்குனிக் கலியாணவீடு ஒன்றைத் தட்டினேன்.
வெட்டாத பிரதி.
கிடாரத்தடியில், புகைக்குள்,
ஓர் ஆள் கையை விரித்துக் கமராவை மறைக்கிறார்:
"என்னை ஏன் தம்பி எடுக்கிறீர்,
அங்கால போய் மாப்பிளையை எடும்."

பத்மசீலன் பில்லைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்.
"அண்ணை, இந்தக் கை."
பார்த்தார். பிடிபடவில்லை.
திரும்ப ஓடவிட்டேன்.
சுட்டுவிரலில் ஒரு கணு அளவுக்கு வெளிச்சம் புகுந்தது.
ஸ்டூலில் இருந்துவிட்டார்.
"நாலு செக்கன்" என்றார்,
"நான் வெட்டி எறிஞ்சிருப்பன்."

போன் அடித்தது.
இந்தமுறை எடுத்தார்.
"ஓம், ஓம், கிடைச்சிட்டுது.
அதோடை... அப்பா கதைக்கிறதும் கொஞ்சம் கிடக்கு."
மற்றப் பக்கத்தில்
ஒரு வாகனம் போய்ப் பிறகு இன்னொரு வாகனமும் போனது.

நான் பில் எழுதினேன்:
வயர் ஒன்று. துப்புரவு.
எழுத்துக்கு என்ன விலை போடுவதென்று தெரியாமல் விட்டேன்.
மேசை விளிம்பு தாண்டி எறும்புகள்
முட்டை ஒன்றும் சிந்தாமல்
சாவகச்சேரிக் கூட்டுறவுச் சங்கத்தின் பெட்டிக்குள்
வரிசையாய்ப் போய்க்கொண்டிருந்தன.